மேசைமேல் ஒரு கோஹிமா

1944 மே 13, இரண்டாம் உலகப் போர்க் காலம். நாகாலாந்தின் கோஹிமாவில் துணை ஆணையர் பங்களாவை ஒட்டிய டென்னிஸ் மைதானத்துக்குள், மேல் மேட்டிலிருந்து பிரிட்டிஷ் படையின் ஒரு லீ ரக டாங்கி இறங்கியது. கையெறிகுண்டு எட்டும் தூரத்தில், பிரிட்டிஷ் இந்தியப் படையும் ஜப்பானியரும் மைதானத்தின் இரு பக்கமும் பதுங்குகுழி வெட்டி வாரக்கணக்கில் நடத்திய சண்டை அதோடு திசை மாறியது. இந்திய மண்ணில் நடந்த இந்தப் போரை நம் பிள்ளைகள் டியோராமாவாக, அதாவது ஒரு காட்சியின் சிறு மாடலாக, கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. சேலத்தில் ஒரு வீட்டு மேசை இதற்குப் போதும்.

1/35 என்பது ராணுவ மாடல்களில் அதிகம் புழங்கும் அளவு. 23.77 மீட்டர் நீள மைதானம் 68 செ.மீ. ஆகிவிடும். மூன்று மீட்டர் சொச்சம் உயரமுள்ள டாங்கி 9 செ.மீ., ஆள் 5 செ.மீ. வகுத்தல் கணக்கு இவ்வளவுதான். ஆனால் நீளம் சுருங்கும்போது இயற்கை கூடவே சுருங்குவதில்லை. வேலையே அங்கேதான் தொடங்குகிறது.

எடையைப் பாருங்கள். லீ டாங்கி சுமார் 27 டன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 35 மடங்கு குறைவதால் எடை 42,875 மடங்கு குறையும். அதே இரும்பில் செய்தாலும் 630 கிராம்தான் வரும். தரையில் படும் பரப்போ 1,225 மடங்குதான் குறைகிறது. ஆக, மண்மேல் விழும் அழுத்தம் 35-ல் ஒரு பங்கு. பிளாஸ்டிக் மாடலில் அதுவும் இருக்காது. அதனால் சேற்றில் வைத்தால் டாங்கி புதையாது, மேலே மிதப்பதுபோல் நிற்கும். களிமண் பதம் ஈரமாக இருக்கும்போதே சங்கிலித் தடத்தை விரலால் அழுத்திப் பதிக்க வேண்டும். தடத்தின் இரு ஓரமும் மண் பிதுங்கி நிற்கட்டும். பார்ப்பவர் கண் 27 டன்னை நம்புவது அந்தப் பிதுக்கத்தால்தான். பல டியோராமாக்கள் தோற்பது இந்த ஒரு இடத்தில்.

மண்ணுக்கு ஏற்காட்டு அடிவாரச் செம்மண்ணே போதும். ஆனால் 1 மி.மீ. மணல் இந்த அளவில் 3.5 செ.மீ. கல். மெல்லிய துணியில் சலித்த பொடிதான் மண்ணாகத் தெரியும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க வாணலியில் நன்றாக வறுத்துக்கொள்ளுங்கள். மழைச் சேறு வேண்டுமென்றால் கருமை கூட்டிப் பூச வேண்டும். மண் துகள்களுக்கு இடையே நீர் புகுந்தால் ஒளி மண்ணுக்குள் ஆழமாகப் போய் உறிஞ்சப்படும், வெளியே திரும்புவது குறையும். நனைந்த மண் கறுப்பது அதனால்தான்.

குட்டைக்கு உண்மைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. பரப்பு இழுவிசையால் நீர் ஓரங்களில் ஓரிரு மி.மீ. வளைந்து ஏறும். 1/35-ல் அது ஏழு செ.மீ. வரை! பார்த்த உடனே பொம்மைத்தனம் தெரிந்துவிடும். எபாக்சி ரெசினை (ஊற்றியபின் கண்ணாடிபோல் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) இரண்டு மி.மீ. அடுக்குகளாக ஊற்றி, ஓரத்தில் ஏறுவதைக் குச்சியால் வழித்துவிடுங்கள். ரெசின் இறுகும்போது வெப்பம் வெளியேறும். கனமாக ஊற்றினால் அந்தச் சூடு உள்ளேயே தங்கி மஞ்சளிக்கும், விரிசல் விடும். சேலத்துச் சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக இறுகும், விடியற்காலையில் ஊற்றுவது நல்லது.

மரங்களுக்குக் காப்பித் தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட செடிகளின் நுனிவேரை எடுத்துக்கொள்ளலாம். பெரிய கிளை பிரிவதும் மெல்லிய வேர் பிரிவதும் ஒரே மாதிரி என்பதால் கண் வித்தியாசம் காண்பதில்லை. பின்திரை வரையும் முன் ஏற்காடு மலைப்பாதை வளைவு ஒன்றில் நின்று பாருங்கள். கிட்டத்து மலை பச்சை, அடுத்தது நீலம், கடைசியில் உள்ளது ஏறக்குறைய வானத்தின் நிறம். இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதன் விளைவு அது. கோஹிமாவின் மலைமுகடுகளையும் அதே வரிசையில் வெளுத்துக்கொண்டே போங்கள்.

ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை. மாடல் பாகங்கள் பாலிஸ்டைரீன். மாடல் பசை அதைக் கரைக்கும் திரவம். இரு விளிம்பும் இளகி, மூலக்கூறுச் சங்கிலிகள் பின்னிக்கொள்ள, திரவம் ஆவியானதும் ஒரே பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது. மேட்டுக்கு நாம் அடுக்கும் தெர்மாகோலும் அதே பாலிஸ்டைரீன்தான். அந்தப் பசையோ ஸ்ப்ரே பெயின்ட்டோ பட்டால் கண்ணெதிரே குழி விழுந்து கரைந்துபோகும். அதற்கு வெள்ளைப் பசைதான். ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் மேடு முழுவதும் மண் பூச்சு மூடியிருக்கிறதா என்று ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.