அடுப்பு மேடையில் ஒரு பழைய கடல்

காவிரி டெல்டாவில் மண்ணைத் தோண்டினால் வண்டலும் மணலும்தான் வரும், பாறை வராது. நமக்குப் பழகிய கல்லெல்லாம் வெளியூரிலிருந்து வந்தவை: கோயில் கருங்கல், ஆட்டுக்கல், அப்புறம் அடுப்பு மேடையில் பதித்த கடப்பாக் கல். இந்தக் கடப்பாக் கல் சுண்ணாம்புக்கல்தான் என்றால் பலரும் நம்புவதில்லை, கறுப்பாக இருக்கிறதே என்கிறார்கள்.

நிறத்தை நம்பாதீர்கள். சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதோடு கரிப்பொருள் கலந்தால் கறுப்பு, இரும்பு கலந்தால் மஞ்சள்.

பாதி அறுத்த எலுமிச்சம்பழத்தை அந்த மேடையில் ராத்திரி கவிழ்த்து வைத்து மறந்துவிட்டால், காலையில் அங்கே வட்டமாக வெளுத்த தடம் இருக்கும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது கறை இல்லை. பழத்தின் அமிலம் கல்லின் பளபளப்பையே அரித்துவிட்டது. அமிலம் பட்டதும் கால்சியம் கார்பனேட் கரைந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். கருங்கல்லில் இப்படி நடக்காது.

கையில் ஒரு கல் இருந்தால் முதலில் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் நகத்துக்கு மசியாது, கத்தி முனைக்கு மசியும். கீறி வந்த பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டால் பொடிப்பொடியாக நுரை கட்டும். கல்லில் சிமெண்ட் ஒட்டியிருந்தால் அதுவும் நுரைக்கும், ஏமாந்துவிடாதீர்கள், புதிதாக உடைந்த பக்கத்தில்தான் பார்க்க வேண்டும்.

சரி, சுண்ணாம்புக்கல் எப்படி உண்டாகிறது? திருவையாறு, திருமானூர் வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர் போனால் கண்ணாலேயே பார்க்கலாம். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில், 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, அங்கே கடல் இருந்தது. சிப்பி, நத்தை, பவளம், இன்னும் கண்ணுக்கே தெரியாத உயிர்கள் எல்லாம் தண்ணீரில் கரைந்திருந்த கால்சியத்தை எடுத்து ஓடு கட்டிக்கொண்டன. அவை செத்து அடியில் படிந்து, மேலே மேலே சேறு அமுக்கி, இடுக்குகளில் கால்சைட் (கால்சியம் கார்பனேட்) படிகம் ஊறி இறுகிக் கல்லாயின. அங்கே எடுக்கும் கல்லில் சிப்பியின் வரிகள் இன்னும் விரலுக்குத் தட்டுப்படும். அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள் வந்ததற்கும் இந்தக் கல்தான் காரணம்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் இதே குடும்பம். கிளிஞ்சலைச் சூளையில் சுமார் 900 டிகிரிக்குச் சுட்டால் கார்பன் டை ஆக்சைடு போய்விடும், அதில் தண்ணீர் விட்டு நீற்றினால் சுண்ணாம்பு. டப்பாவுக்குள் ஈரமாக இருக்கும் சுண்ணாம்பில் எலுமிச்சைச் சாறு விட்டால் பெரிதாக நுரைக்காது. மூடியோரம் நாள்பட்டுக் காய்ந்த பொருக்கைச் சுரண்டி அதில் விட்டுப் பாருங்கள், நுரைக்கும். சூளையில் விட்ட வாயுவைக் காற்றிலிருந்து திரும்பப் பிடித்துக்கொண்டு, அது மறுபடியும் கால்சியம் கார்பனேட் ஆகியிருக்கும்.