ரோபோட்டிக் சர்ஜரி: சொல் விளக்கம்

மும்பை தாராவில இருக்குற எங்க சித்தப்பாவுக்கு போன வருஷம் ப்ராஸ்டேட்ல, அதாவது ஆம்பளைங்களுக்கு மூத்திரப்பைக்கு கீழ இருக்குற சுரப்பில, கேன்சர்னு சொன்னாங்க, ஆரம்ப ஸ்டேஜ்தான். டாக்டர் ஹிந்தில "ரோபோட் ஸே கரேங்கே", அதாவது ரோபோவால பண்ணுவோம்னு சொல்லிட்டு அடுத்த பேஷண்ட பாக்க போயிட்டாரு. வீட்டுக்கு வந்ததுலேர்ந்து மனுஷன் சரியா சாப்பிடல. "ஏல, மிசினு தானா அறுக்குமாம்லா, பாதில கரண்டு போச்சுன்னா என்னல செய்வாவ?"ன்னு என்கிட்ட கேட்டாரு. நோய விட அந்த ஒரு சொல்லுதான் அவர அதிகமா பயமுறுத்துச்சு, அதனாலதான் அத பிரிச்சு பாப்போம்னு உக்காந்தேன்.

முதல்ல ரோபோ. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920ல எழுதின ஆர்.யூ.ஆர். நாடகத்துலதான் இந்த சொல்லு வந்துச்சு, எடுத்துக் கொடுத்தது அவரோட அண்ணன் யோசெஃப். செக் மொழில ரோபோட்டான்னா பண்ணைக்காரனுக்கு கூலி இல்லாம கட்டாயமா செய்ற வேல. சோழர் கல்வெட்டுல வர்ற "வெட்டி"யும் இதே மாதிரி கூலியில்லாத கட்டாய வேலதான், இன்னைக்கு நாம சொல்ற வெட்டி வேலைக்கு மூலமும் அதுதான். அந்த நாடகத்துல ரோபோட்ங்கிறது இரும்பு மிஷின் கூட கிடையாது, தொழிற்சாலைல உருவாக்குன செயற்கை மனுஷங்க. தானா யோசிச்சு நடக்குற இரும்பு மனுஷன்னு நம்ம மனசுல இருக்குற படம் அப்புறம் ஒட்டிக்கிட்டது.

சர்ஜரியோட கதை இன்னும் அழகு. கிரேக்கத்துல கெய்ர்னா கை, எர்கோன்னா வேல. ரெண்டும் சேந்த சொல்லு லத்தீன், பிரெஞ்சு வழியா வந்து சர்ஜரி ஆயிடுச்சு, அதாவது கைவேல! மாத்திர கஷாயம் குடுக்காம கையால செய்ற வைத்தியம்.

தமிழ்ல அறுவைங்கிறது பார்வை, போர்வை மாதிரி அறுங்கிற வினைலேர்ந்து பொறந்த சொல்லு. கூட வர்ற சிகிச்சை வடசொல், அதுக்கு பண்டுவம்னு நல்ல தமிழ்ச்சொல் இருக்கு. இலங்கைல சத்திர சிகிச்சைன்னு சொல்வாங்க, அதுல சத்திரம்னா ஆயுதம். சொல்லு மட்டுமில்ல, விஷயமும் நமக்கு ரொம்ப பழசு. பதிற்றுப்பத்துல போர்ல பட்ட காயத்த தைக்கிற நீள வெள்ளை ஊசிய, குளத்துல முங்கி எழுற மீன்கொத்தியோட ஒப்பிட்டிருக்காங்க. குலசேகர ஆழ்வார் "வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன் போல்"னு பாடுறாரு. அந்த வரில மருத்துவன் இருக்கான், நோயாளி இருக்கான், நடுவுல நம்பிக்கை இருக்கு. சித்தப்பா கேட்ட சொல்லுல மருத்துவனயே காணோம், அதான் பிரச்சனை.

நெஜத்துல நடக்குறது என்னன்னா, ஆபரேஷன் நடக்குற அதே ரூம்ல ஒரு ஓரத்துல கன்சோல்னு ஒரு மேஜ மாதிரி இருக்கும், டாக்டர் அதுல உக்காந்து பெரிசாக்கி காட்டுற முப்பரிமாண படத்த பாத்துக்கிட்டே ரெண்டு கையையும் அசைப்பாரு, நோயாளி உடம்புல போட்ட சின்ன சின்ன துளை வழியா போயிருக்குற கருவிங்க அத அப்படியே உள்ள செய்யும். டா வின்சிங்கிற மிஷின்தான் ரொம்ப பேருக்கு தெரிஞ்சது, 2000ல அமெரிக்கால அனுமதி கெடச்சுது, இப்ப நம்ம நாட்டுலயே எஸ்.எஸ்.ஐ. மந்த்ரான்னு ஒண்ணு செய்றாங்க. சின்ன துளை வழியா கேமராவும் கருவியும் விட்டு டாக்டர் நேரடியா கையால பண்றது லேப்ராஸ்கோபி, அந்த கருவி பெரும்பாலும் நேரா குச்சி மாதிரி இருக்கும், இதுல முனைல மணிக்கட்டு மாதிரி வளையும், கை லேசா நடுங்குனா அதையும் வடிகட்டிடும். டாக்டர் கன்சோல்லேர்ந்து தலைய எடுத்தா டா வின்சியோட கைங்க அந்த எடத்துலயே நின்னுடும். கரண்டு போனா மிஷின்ல பேட்டரி இருக்கு, மிஷினே மக்கர் பண்ணா லேப்ராஸ்கோபிக்கோ, வயித்த கீறி பண்ற ஓபனுக்கோ மாறிக்குவாங்க. 2001ல நியூயார்க்ல உக்காந்த டாக்டர் பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல இருந்த அம்மாவுக்கு பித்தப்பைய எடுத்தாரு, அப்பவும் கடலுக்கு அந்தப்பக்கம் நியூயார்க்ல மனுஷக் கைதான் வேல செஞ்சுது.

நோயாளிக்கு என்ன லாபம்னு கேட்டா, வயித்த கீறி பண்ற ஓபன் ஆபரேஷனோட ஒப்பிட்டா ரத்தம் கம்மியா போகும், தழும்பு சின்னது, வலி கம்மி, பெரும்பாலும் சீக்கிரம் வீட்டுக்கு வரலாம். ப்ராஸ்டேட் மாதிரி இடுப்பெலும்புக்குள்ள ஆழமா ஒளிஞ்சிருக்குற எடத்துல கைய விட்டு தைக்கிறது எவ்ளோ கஷ்டம்னு யோசிச்சா இது ஏன் அங்க இவ்ளோ பரவுச்சுன்னு புரியும். ஆனா மந்திரம்னு நெனச்சுடக்கூடாது. 2016ல வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வுல ப்ராஸ்டேட்டுக்கு ஓபனையும் ரோபோவையும் ஒப்பிட்டாங்க, 3 மாசம் கழிச்சு சிறுநீர் கட்டுப்பாட்டுல பெரிய வித்தியாசம் இல்ல. கர்ப்பப்பை வாய் கேன்சருக்கு 2018ல வந்த ஆய்வுல சின்ன துளை வழியா பண்ணத விட ஓபன்தான் உயிர அதிகமா காப்பாத்துச்சு, இத யாராவது வீட்டுப் பொம்பளைங்களுக்கு பாக்குறீங்கன்னா டாக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க. செலவும் கூட. இன்சூரன்ஸ் கம்பெனிங்கள கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ 2019ல போட்ட விதில ரோபோட்டிக் சர்ஜரிய பாலிசிலேர்ந்து மொத்தமா விலக்கக்கூடாது, ஆனா இவ்ளோதான் தருவோம்னு லிமிட் போடலாம்னு இருந்துச்சு, அதனால உங்க பாலிசில என்ன இருக்குன்னு அட்மிட் ஆகுறதுக்கு முன்னாடியே பாத்துக்கோங்க.

இப்ப தமிழ்ல என்ன சொல்றது? தானியங்கி அறுவை சிகிச்சைன்னு சிலர் எழுதுறாங்க, அது தப்பு, இங்க எதுவுமே தானா இயங்கல. எந்திர மனிதன் அறுவைன்னா அது அதவிட மோசம். ரோபோ உதவி அறுவை சிகிச்சைங்கிறது சரி, உதவிங்கிற சொல்லுதான் அங்க உயிர். எனக்கு புடிச்சது எந்திரக்கை அறுவை. பொறிங்கிற பழஞ்சொல்லும் இருக்கு, சிலப்பதிகாரத்துல மதுரை கோட்டைல இருந்த ஆயுதங்கள்ல "வளைவிற் பொறி"ன்னு வருது, தானா வளைஞ்சு அம்பு விடுற எந்திரம்னு உரை சொல்லுது. தானாங்கிறதுதான் இங்க ஆகாது, அதனால அத விட்டுட்டேன். எந்திரக்கைன்னா கைன்னு ஒண்ணு இருக்கு, கைன்னா அது யாரோடதுன்னு கேக்கத் தோணும்.

சித்தப்பாவும் அதத்தான் கேட்டாரு. எந்திரக்கைதான் சித்தப்பா, ஆட்டுறது டாக்டர்தான்னு சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்போ அந்த டாக்டரு இதுல எத்தன பேருக்கு செஞ்சிருக்காரு?"ன்னாரு. அடுத்த தடவ போனப்போ அவரே ஹிந்தில டாக்டர்கிட்ட கேட்டாரு, டாக்டரும் உக்காந்து பொறுமையா பதில் சொன்னாரு.