பகலில் தெளிவு, இரவில் வெறும் வெண்மை: வெளிப்புறக் கேமராக்களைப் பொருத்தும் முறை

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்குக் கண்காணிப்புக் கேமரா பொருத்தும் தொழிலில் இருக்கும் எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே வகையைச் சேர்ந்தவை. "பகல்ல நல்லாத் தெரியுது தம்பி, ராத்திரியானா யாரு எவருன்னே தெரியல" என்று சொல்லும் வீட்டுக்காரர், அடுத்த வார்த்தையாக இதைவிட விலை உயர்ந்த கேமரா எது என்று கேட்பார். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் கேமராவில் குறையே இருக்காது. அதை மாட்டிய இடம், அதற்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி, மழைநீர் புகும் இணைப்பு ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு இருக்கும்.

இருட்டில் கேமரா எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பொழுது சாய்ந்ததும் கேமராவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். படத்தைப் பிடிக்கும் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பு ஒளியைத் தடுத்துக்கொண்டிருந்த வடிகட்டி விலகி, லென்ஸைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன என்பது அதன் பொருள். இவை பெரும்பாலும் 850 நானோமீட்டர் அலைநீளம் கொண்டவை. உற்றுப் பார்த்தால் மங்கலான சிவப்பாகத் தெரியும். 940 நானோமீட்டர் விளக்குகள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அவற்றின் வீச்சு குறைவு. எந்த வகையானாலும், தூரம் இரண்டு மடங்கானால் விழும் ஒளி கால் பங்காகிவிடும். ஆகவே, கேமராவுக்கு ஒரு சாண் தள்ளிச் சன்ஷேடோ, போர்டிகோ தூணோ, வெள்ளையடித்த சுவரோ இருந்தால் அந்த இடம் பளீரென்று வெளுத்துவிடும். அந்த வெளுப்பைச் சமன்செய்யக் கேமரா தன் ஒளியேற்பைக் குறைத்துக்கொள்ளும். நாம் பார்க்க விரும்பிய கேட் அப்படியே இருளில் மூழ்கிவிடும். படத்தின் ஓரத்தில் சுவரோ கூரையோ சிறிதும் விழாதபடி கேமராவைச் சற்று முன்தள்ளி, சற்றுத் தாழ்த்தித் திருப்பினாலே பாதிக் குறை தீரும்.

சிலந்தி வலையும் இதே தொல்லையைத்தான் தருகிறது. லென்ஸுக்கு நேரே ஒரே ஒரு இழை தொங்கினால்கூட அது இரவில் வெள்ளைக் கயிறாகத் தெரியும். காற்றில் அது ஆடும்போதெல்லாம் கைப்பேசிக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும், சலித்துப்போன வீட்டுக்காரர் எச்சரிக்கையையே நிறுத்திவிடுவார். வாரம் ஒரு முறை ஒட்டடைக் கோலால் கேமராவைச் சுற்றித் துடைப்பது இதற்குப் போதும். அரைக்கோள மூடி போட்ட டோம் கேமராவை வெளியில் மாட்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அதன் பிளாஸ்டிக் மூடியில் படியும் புழுதியும் கீறலும் விளக்கின் ஒளியை உள்ளேயே திருப்பிவிடும். வெளிப்புறத்துக்கு நீள உருளை வடிவப் புல்லட் வகையே ஏற்றது.

அடுத்தது தூரக் கணக்கு. ஒருவரின் முகத்தை ஐயமின்றி அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது சர்வதேச அளவீடு. இரண்டு மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம் கொண்டது. அப்படியானால் ஏறத்தாழ ஏழரை மீட்டர் அகலத்தைத்தான் அந்தத் தெளிவோடு அது காட்ட முடியும். பரவலாக விற்கும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் மிக அகலமாகப் பார்ப்பதால் சுமார் மூன்று மீட்டருக்கு அப்பால் முகம் இந்த அளவுக்குத் தெளியாது. கேட் ஏழு மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் அங்கே 6 மில்லிமீட்டர் லென்ஸ் தேவை. உயரமும் அப்படித்தான். திருடன் கைக்கு எட்டக் கூடாது என்று இரண்டாம் மாடியில் மாட்டினால் உச்சந்தலைதான் பதிவாகும்; இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரமே முகத்துக்கு உகந்தது. நடப்பவரின் முகம் இழுபட்டுக் கலங்கித் தெரிந்தால், கேமராவின் செட்டிங்கில் ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். படம் சற்று இருண்டாலும் முகம் கிடைக்கும்.

மின்சாரத்துக்கு வருவோம். இரவானதும் கேமரா அணைந்து அணைந்து எரிகிறது என்றால் பெரும்பாலும் கம்பிதான் காரணம். பகலில் 200 மில்லி ஆம்பியர் அளவில் மின்னோட்டம் எடுக்கும் ஒரு கேமரா, அகச்சிவப்பு விளக்குகள் எரியும்போது 600 மில்லி ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 50 மீட்டர் இழுத்தால், போகவும் வரவும் சேர்த்து அதன் மின்தடை மூன்றரை ஓம். பகலில் வழியில் இழப்பது 0.7 வோல்ட்; இரவில் 2.1 வோல்ட். 12 வோல்ட் அனுப்பினால் கேமராவைச் சேர்வது பத்துக்கும் கீழே. விளக்கு எரிந்ததும் கேமரா சோர்ந்து அணைகிறது, அணைந்ததும் வோல்ட் ஏறி மீண்டும் உயிர் பெறுகிறது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 3+1 கேபிள்களில் (மூன்று சிறு கம்பிகளும் படம் செல்லும் ஒரு கம்பியும் சேர்ந்தவை) பல, செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பிகள். அவற்றின் இழப்பு இதைவிட அதிகம். கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும், அப்படித் தெரிந்தால் வாங்காதீர்கள். நீண்ட தூரத்துக்குக் கேமராவின் அருகிலேயே தனி அடாப்டர் வைக்கலாம், அல்லது லேன் கம்பியிலேயே (கணினி வலையமைப்புக் கம்பி) மின்சாரமும் செல்லும் ஐபி கேமராவை 100 மீட்டர் வரை பயன்படுத்தலாம்.

மழைக்காப்பில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியில் ஐபி67 என்று தூசி, நீர்க் காப்பின் அளவு போட்டிருப்பதைக் கண்டு, இனி கவலை இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். முதல் 6 தூசி புகாது என்பதையும், 7 ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதையும் குறிக்கின்றன. ஆனால் அந்த உறுதி கேமராவின் உடலுக்கு மட்டுமே. அதன் வாலாகத் தொங்கும் கம்பியின் முனையில் இருக்கும் படம் செல்லும் பிஎன்சி கனெக்டருக்கும் மின்சாரம் செல்லும் டிசி பின்னுக்கும் எந்தப் பாதுகாப்பும் இல்லை. கோடையில் புழுதிக் காற்றோடு வரும் மாலை இடிமழைக்கு நம் ஊரில் சாரல் எந்தத் திசையில் அடிக்கும் என்று சொல்ல முடியாது. ஐப்பசி, கார்த்திகையிலோ நாள்கணக்கில் ஈரம் காயாது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட அந்த மழையை நினைத்துக்கொண்டால் போதும். நீர் புகுந்த இணைப்பில் செம்பு பச்சை பூக்கும், படத்தில் கோடு ஓடும், பிறகு படமே போய்விடும். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் கழிவின் வாடை வீசும் இடங்களில், காற்றில் கலந்த ஹைட்ரஜன் சல்பைடு செம்பைக் கறுக்க வைப்பதால் இணைப்புகளை இன்னும் இறுக மூட வேண்டும்.

எனவே ஒவ்வொரு கேமராவுக்கும் இணைப்புகளை உள்ளே வைத்து மூடும் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் கட்டாயம் தேவை. கம்பி அதற்குள் மேலிருந்து நுழையக் கூடாது. கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டு, பெட்டியின் அடிப்புறமாக மேலேற்ற வேண்டும், அப்போது நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுவரில் துளையிடும்போது வெளிப்புறம் தாழ்வாக இருக்கும்படி சாய்த்துத் துளையுங்கள். பெட்டியில் கம்பி நுழையும் துளைக்குக் கிளாண்ட் (கம்பியை இறுகப் பிடிக்கும் மூடி) மாட்டி, பெட்டியின் மேல் விளிம்பையும் இரு பக்கங்களையும் சிலிக்கானால் அடைத்து, அடியில் மட்டும் சிறு கசிவு வழி விடுங்கள். பல்லியும் எறும்பும் நுழையாத அளவுக்கு அது சிறிதாக இருக்க வேண்டும்.

வெயிலும் லேசுப்பட்டதல்ல. பல கேமராக்கள் 50 அல்லது 60 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அக்னி நட்சத்திரத்தில் மேற்குச் சுவரில் உள்ள உலோக உடல் காற்றின் வெப்பத்தைவிட மிக அதிகமாகக் காயும். முடிந்தால் வடக்கு முகமாக, அல்லது நிழல் விழும் இடத்தில் மாட்டுங்கள். வெள்ளை நைலான் பட்டைகள் வெயிலில் நொறுங்கிவிடும், வெயில் தாங்கும் கறுப்புப் பட்டைகளே நிலைக்கும். மொட்டை மாடியில் தனித்து நிற்கும் இரும்புக் கம்பத்தில் கேமரா மாட்டச் சொல்பவர்களிடம் நான் மறுத்துவிடுவேன். அருகில் இடி விழுந்தால் அந்த மின் அதிர்ச்சி கம்பி வழியாக, படங்களைப் பதிவுசெய்யும் டிவிஆர் வரை போய்விடும். நம் பாறை மண் காய்ந்த கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால், திடீர் மின் அதிர்ச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடக்டர் வைத்தும் பயன் இல்லை.

பொருத்துபவருக்கு முழுப் பணத்தையும் மாலையிலேயே கொடுத்துவிடாதீர்கள். அன்றிரவு பத்து மணிக்கு மேல் வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு, ஒருவரைக் கேட்டிலிருந்து வாசல் வரை இயல்பான வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். நேரலையைப் பார்க்காமல் பதிவானதை ஓட்டிப் பாருங்கள். முகம் தெரிகிறதா, திரையில் உள்ள நேரமும் கடிகார நேரமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். மீதித் தொகையை மறுநாள் காலையில் கொடுக்கலாம். நானும் அப்படித்தான் பெற்றுக்கொள்கிறேன்.