தாழ்த்திய கார் ஏன் தூக்கிப் போடுகிறது?

காரைச் சற்று இறக்கி ஓட்ட ஆசைப்படுகிற எவருக்கும் கிடைக்கும் எச்சரிக்கை ஒன்றுதான்: "பார்க்க நல்லா இருக்கும், ஆனா முதுகு போயிடும்." இறக்கிய கார்களில் பெரும்பாலானவை தூக்கித்தான் போடுகின்றன, அதில் சந்தேகமில்லை. ஆனால் பழியை எல்லோரும் ஸ்பிரிங் மேலேயே போடுகிறார்கள். சக்கரம் மேலே எழும்ப இருந்த இடம் பறிபோவதுதான் உண்மையான கோளாறு. அந்த இடத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டால், தாழ்ந்த காரும் மெத்தென்று ஓடும். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு ஹேட்ச்பேக்கின் முன்சக்கரம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது தாங்கும் உடல்பாரம் 250 கிலோ. சக்கரத்தின் இடத்தில் அளந்தால் ஸ்பிரிங்கின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன். சக்கரத்தை ஒரு மில்லிமீட்டர் மேலே தள்ள ஏறக்குறைய இரண்டு கிலோ பளு வேண்டும் என்று பொருள். இந்தப் பாரமும் இந்த ஸ்பிரிங்கும் சேர்ந்தால், காரின் அந்த மூலை நொடிக்கு 1.4 முறை, அதாவது 1.4 ஹெர்ட்ஸில், ஏறி இறங்கும். சாதாரணக் கார்கள் பெரும்பாலும் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸ் வரைதான் வைத்துக்கொள்கின்றன. காரணம் நம் உடம்பு. உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு மேலும் கீழுமான அதிர்வு மிகவும் உறைப்பது 4 முதல் 8 ஹெர்ட்ஸுக்குள். காரின் ஆட்டம் அதற்குக் கீழே எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அவ்வளவு சொகுசு.

இப்போது காரை 30 மில்லிமீட்டர் இறக்குகிறோம். கடையில் கிடைக்கும் நல்ல லோயரிங் ஸ்பிரிங் 25 சதவீதம் கூடுதல் விறைப்போடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆட்டம் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். ஆகவே 1.4 ஹெர்ட்ஸ் 1.6 ஆகும், அவ்வளவுதான். கூர்ந்து கவனிப்பவருக்கு வித்தியாசம் தெரியும், முதுகு போகாது.

முதுகைப் பதம் பார்ப்பது பம்ப் ஸ்டாப். ஷாக் அப்சார்பரின் தண்டில் கோத்திருக்கும் ரப்பர் அல்லது பாலியூரித்தேன் நுரைக் கட்டை அது. சக்கரம் அளவுக்கு மீறி எழும்பும்போது உலோகத்தோடு உலோகம் மோதாமல் காப்பது அதன் வேலை. நம் ஹேட்ச்பேக்கில் சக்கரம் 70 மில்லிமீட்டர் எழும்பிய பிறகே அதைத் தொடும் என்று கொள்வோம். பழைய ஷாக்கை அப்படியே வைத்துக்கொண்டு 30 மில்லிமீட்டர் இறக்கினால் மிஞ்சுவது 40. இடத்தில் பாதிக்குமேல் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் ஸ்பிரிங் உள்வாங்கும் ஆற்றல் அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே ஸ்பிரிங்காகவே இருந்தாலும், முன்பு பள்ளத்தின் 49 ஜூல் அடியை வாங்கிக்கொண்டது, இப்போது 16 ஜூலிலேயே கைவிரித்துவிடும். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சிய அடி முழுவதும் பம்ப் ஸ்டாப் வழியாக நேரே உடற்கூட்டுக்கும் இருக்கைக்கும் போகிறது. "டம்" என்று கேட்கிறதே, அந்தச் சத்தம் இதுதான்.

ஸ்பிரிங்கை இறுக்கியே இதைச் சரிக்கட்டலாமா? அந்த 49 ஜூலை 40 மில்லிமீட்டருக்குள் வாங்க வேண்டுமானால் விறைப்பு 61 நியூட்டனாக வேண்டும், மூன்று மடங்கு. ஆட்டம் 2.5 ஹெர்ட்ஸைத் தொடும். பந்தயத் தடத்துக்கு அது சரி; குடும்பத்தோடு ஊருக்குப் போக ஆகாது.

ஸ்பிரிங்கை வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை. ஆறு சுற்று வேலைசெய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் மிச்சமுள்ளது 20 சதவீதம் விறைக்கும். கணக்குப்படி அதில் பெரிய குற்றமில்லை. ஆனால் வெட்டிய முனை இருப்பிடத்தில் பொருந்தி உட்காராது. ஜாக்கியில் தூக்கும்போதோ பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போதோ ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். காஸ் கட்டரால் வெட்டினால் அந்தச் சூடு எஃகின் பதத்தையும் கெடுக்கும். செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

அப்படியானால் போன இடத்தை எங்கே தேடுவது? ஷாக்கில்தான். பழைய ஷாக்கின் உடல் நீளமே 30 மில்லிமீட்டரை விழுங்கியது. உடல் குட்டையான ஷாக்கைப் போட்டால், அதற்குள் ஓடும் பிஸ்டன் மீண்டும் பழையபடி நடுவாக்கில் நிற்கும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகக் கோத்து, உயரத்தை மாற்றும்படி வரும் காயிலோவர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைத் திருகிக் கீழே இறக்குவார்கள். உயரம் குறையும், கூடவே இடமும் போகும். மற்றதில் ஷாக்கின் உடலே கீழ்ப் பிடிப்புக்குள் மரையோடி இறங்கும்; உயரம் குறைந்தாலும் ஷாக்கின் ஓட்டம் குறையாது. விலை கூடுதல்தான், ஆனால் சொகுசு வேண்டுமென்றால் பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் இது. ஷாக் இடம் கொடுத்தாலும் டயர் வீல் ஆர்ச்சில் உரசக்கூடும் என்பதால், வாங்குவதற்கு முன் அந்த இடைவெளியையும் அளந்துவிட வேண்டும்.

உங்கள் காரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அறிய ஒரு கேபிள் டை போதும். ஷாக்கின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் தண்டில் டையைக் கட்டி, உடலோடு ஒட்டும்வரை இறக்கிவிடுங்கள். வழக்கமாகப் போகும் பாதையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஷாக்கின் உடல் டையை எதுவரை தள்ளியிருக்கிறதோ, அதுவரை அமுங்கியிருக்கிறது. டை பம்ப் ஸ்டாப்பை முட்டி நசுங்கியிருந்தால், தூக்கிப் போடுவதற்கான காரணம் கையில் கிடைத்துவிட்டது.

அடுத்தது ஷாக்கின் எண்ணெய். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகளையும் மெல்லிய தகடுகளையும் தாண்டிப் போக வேண்டும். அந்தத் தடையே ஆட்டத்தை அடக்குகிறது. இங்கே முக்கியம் காரின் வேகமன்று, பிஸ்டனின் வேகம். வளைவில் கார் சாயும்போது பிஸ்டன் மெதுவாக நகர்கிறது. பள்ளத்தின் விளிம்பில் பாய்கிறது. நல்ல ஷாக் மெதுவான நகர்வில் இறுக்கமாகப் பிடித்து, பாயும்போது தகடுகளை விலக்கி வழிவிடும். மலிவான ஷாக் இரண்டிலும் ஒரேமாதிரி முறைத்துக்கொண்டு நிற்கும். அதன் தலையில் உள்ள திருகை முழுவதும் இறுக்கி "ஸ்போர்ட்டி" ஆக்குகிறவர்கள், ஒவ்வொரு சிறு கல்லையும் முதுகுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

முன்னும் பின்னும் எப்படிப் பொருந்த வேண்டும் என்பது அதிகம் பேசப்படாத சங்கதி. ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930இல் அமெரிக்காவின் கேடிலாக்குக்கு வந்த பொறியாளர் மாரிஸ் ஆலி இதை ஊன்றி ஆராய்ந்தவர். ஒரு காரின் முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய எடைகளைப் பொருத்தி, ஆட்டம் எப்படி மாறுகிறது என்று ஓட்டியே பார்த்தார். அவர் கண்டது: பின்பக்கத்து ஆட்டம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக இருந்தால் பயணம் சமமாகிறது. மேட்டில் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது. 2.45 மீட்டர் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையேயான தூரம்) உள்ள கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், 0.22 நொடி கழித்துத்தான் பின்சக்கரம் ஏறும். பிந்தித் தொடங்கிய பின்பக்கம் வேகமாக ஆடினால்தான் முன்பக்கத்தை எட்டிப் பிடிக்கும். இரண்டும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். இல்லாவிட்டால் கார் குதிரைபோல் தலையாட்டும். ஸ்பிரிங் வாங்கும்போது எவ்வளவு இறங்கும் என்று மட்டும் கேட்காமல், முன்பின் விறைப்பு என்ன என்றும் கேட்பது நல்லது. முன்னே மட்டும் முரட்டுத்தனமாக இறுக்கிய செட்டை நான் வாங்கமாட்டேன்.

உயரமும் மென்மையும் வெவ்வேறு என்பதை மிக அழகாகக் காட்டிய கார் 1955 பாரிஸ் கண்காட்சியில் வந்த சிட்ரோயன் டிஎஸ். அதில் உலோக ஸ்பிரிங் கிடையாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உலோகக் கோளம், அதற்குள் நைட்ரஜன். ரப்பர் சவ்வுக்கு இந்தப் பக்கம் எண்ணெய். வாயு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது, எண்ணெயின் அளவு உயரத்தைத் தீர்மானிக்கிறது. எண்ணெயைக் குறைத்தால் கார் தாழும், வாயுவின் மென்மை மாறாது. ஆனாலும் அந்தக் காரையே அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டால் ஓட்ட முடியாது, சக்கரம் எழும்ப இடமில்லை. ஸ்பிரிங் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இடமில்லையென்றால் சொகுசில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கூடவே வரும் இரண்டு தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தின் மேல்பிடிப்பாகவும் இருக்கும் அமைப்பு) உள்ள காரை இறக்கும்போது, சக்கரத்தைக் கீழே உடற்கூட்டோடு இணைக்கும் லோயர் ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலேறிச் சாய்கிறது. உடல் எந்த அச்சைச் சுற்றிச் சாய்கிறதோ அது உடலைவிட வேகமாகக் கீழே போய்விடும். விளைவு, தாழ்ந்த கார் வளைவில் முன்பைவிடக் கூடுதலாகச் சாயக்கூடும். அதை அடக்க, இட வலச் சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பாரைத் தடித்ததாகப் போட்டால், இடச்சக்கரம் வாங்கும் அடி வலப்பக்கத்துக்கும் போகும், தலை இப்படியும் அப்படியும் ஆடும். நீளமான பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரத்தோடு கோக்கும் மூட்டு) போட்டு ஆர்மின் சாய்வைத் திருத்துவது மேல். இன்னொன்று டயர். 185/65 ஆர்15 டயரின் பக்கச்சுவர் 120 மில்லிமீட்டர். அதற்குப் பதில் 205/45 ஆர்17 போட்டால் 92. சாலையின் அடியை முதலில் வாங்கும் ரப்பரில் 28 மில்லிமீட்டரைக் கழற்றி வீசிவிட்டு, ஷாக்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

எவ்வளவு இறக்கலாம்? நம் ஊர் வேகத்தடைகளைக் கேட்க வேண்டும். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. 2.45 மீட்டர் வீல்பேஸ் கார் அதன் நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் மேட்டின் மேலேயே இருப்பதால், வயிற்றுப் பகுதிக்கு வேண்டிய இடைவெளி நாலரை சென்டிமீட்டருக்கும் குறைவு. எந்த இறக்கிய காரும் தாண்டிவிடும். ஆனால் தெருவில் அவரவர் போட்டு வைத்திருக்கும் குறுகலான மேடு முழு 10 சென்டிமீட்டரையும் கேட்கும். 160 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் உள்ள காரை 30 இறக்கினால் 130. நான்கு பேர் ஏறினால் சக்கரத்துக்கு 70 கிலோ வீதம் கூடி, 25 நியூட்டன் ஸ்பிரிங் மேலும் 27 மில்லிமீட்டர் அமுங்கும். மிச்சம் 103, கொஞ்சம் பிரேக் பிடித்தாலே அடி தட்டும். அந்த 27 மில்லிமீட்டர் சக்கரம் எழும்பும் இடத்திலிருந்தும் கழிகிறது. அதனால்தான் தினசரி ஓட்டும் காருக்கு 20, மிஞ்சினால் 25 மில்லிமீட்டருக்குமேல் நான் பரிந்துரைப்பதில்லை.

கடைசியாக, பட்டறையில் அடிக்கடி தவறும் ஒரு வேலை. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களைக் கோக்கும் போல்ட்டுகளை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால், கார் தரையில் உட்கார்ந்ததும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டு வேண்டாத ஸ்பிரிங்காக மாறும், விரைவிலேயே கிழியும். காரைத் தரையில் நிறுத்தி, நாலைந்து முறை அமுக்கிவிட்டு, புதிய உயரத்தில் இறுக்கச் சொல்லுங்கள். புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டரில் இன்னும் சற்றுப் படியும். அலைன்மென்ட்டை அதன் பிறகு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.