பழைய டெஸ்க்டாப்புக்கு வைஃபை: டாங்கிள் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய டெஸ்க்டாப்களில் பெரும்பாலானவற்றில் வைஃபை கிடையாது. பின்பக்கம் ஒரு லேன் போர்ட் இருக்கும், அவ்வளவுதான். வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து போனும் டிவியும் வைஃபையில் ஓடத் தொடங்கியதும், அந்தக் கணினியையும் சேர்த்துவிடலாம் என்று பலர் ஆன்லைனில் இருப்பதிலேயே மலிவான டாங்கிளை (யூஎஸ்பி போர்ட்டில் செருகும் சிறு வைஃபை கருவி) வாங்கிவிடுகிறார்கள். செருகினால் ஒன்றும் நடக்காது. பழுது என்று திருப்பி அனுப்பிவிட்டு இன்னொன்று வாங்குவார்கள். அதுவும் அப்படியே நிற்கும். டாங்கிள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கணினிக்கு அது பொருந்துமா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஐந்து நிமிடம் போதும். கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸைத் திறந்தால் எந்த விண்டோஸ், 32 பிட்டா 64 பிட்டா, ரேம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பின்பக்க யூஎஸ்பி போர்ட்டுகளின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு நீலமாக இருந்தால் பெரும்பாலும் யூஎஸ்பி 3.0, கறுப்போ வெள்ளையோ என்றால் 2.0. ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவே எத்தனை சுவர்கள் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். எதை வாங்குவது என்பது இந்த மூன்றையும் பொறுத்தது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: வைஃபை தேவையா? ரவுட்டர் அதே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால், ஒரு லேன் கேபிளைவிடச் சிறந்த வழி இல்லை. ஃபைபர் நிறுவனம் மாட்டிய பெட்டியிலேயே லேன் போர்ட் இருக்கும். பழைய கணினியின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலும் கையில் 94 எம்பிபிஎஸ் வரை கிடைக்கும். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு அதுவே ஏறக்குறைய முழு வேகம். பாஸ்வேர்டு வேண்டாம், சிக்னல் குறையாது. கேட் 5இ அல்லது கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். கடையில் முனை போட்டே வரும் 10, 15 மீட்டர் கேபிளை வாங்கிச் சுவரோரமாக ஓட்டிவிடலாம். கரண்ட் வயர் போகும் பைப்புக்குள் மட்டும் சேர்த்து விடாதீர்கள். பாதுகாப்புக்கும் அது நல்லதில்லை, சிக்னலுக்கும் நல்லதில்லை.

கேபிள் இழுக்க வழியில்லாத வீடுகளுக்குத்தான் டாங்கிள். உறையில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். வீட்டு வைஃபை பொதுவாக 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடும். ‘600 எம்பிபிஎஸ்’ என்பது 2.4 கிகாஹெர்ட்ஸில் 150, 5 கிகாஹெர்ட்ஸில் 433 என்ற இரண்டையும் கூட்டி மேலே தள்ளிய எண். ஒரு நேரத்தில் டாங்கிள் ஏதாவது ஒன்றில்தான் ஓடும். ‘150 எம்பிபிஎஸ்’ டாங்கிளுக்கு 5 கிகாஹெர்ட்ஸே கிடையாது. அடுக்குமாடியில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் நிறைந்த இடத்தில் அது 72 எம்பிபிஎஸில்தான் இணையும். நடைமுறையில் 40, 50 வந்தால் நல்லது. 30 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருப்பவருக்கு அது போதும், 100 வைத்திருப்பவருக்குப் போதாது. அதே சமயம், யூஎஸ்பி 2.0 மட்டுமே உள்ள கணினிக்கு 1300 வகை டாங்கிள் வாங்குவதும் வீண்செலவு. அந்தப் போர்ட்டின் வேகம் காகிதத்தில் 480 என்றாலும் உண்மையில் 300 எம்பிபிஎஸ் அளவில் நின்றுவிடும். எங்கள் கணிப்பில், பெரும்பாலான பழைய கணினிகளுக்கு இரண்டு அலைவரிசையும் உள்ள 600 வகை டாங்கிளே சரியான தேர்வு. நகத்தளவு இருப்பதை விட்டுவிட்டு, வெளியே ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பதாக வாங்குங்கள்.

எங்கே செருகுகிறோம் என்பதும் டாங்கிள் அளவுக்கே முக்கியம். சிபியு பெட்டி முழுக்க இரும்புத் தகடு. அதன் பின்னால், மேசைக்கு அடியில், சுவரைப் பார்த்தபடி டாங்கிளைச் செருகினால் ரவுட்டருக்கும் அதற்கும் நடுவே அந்தத் தகடே தடையாக நிற்கும். ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கிப் பின்பக்கப் போர்ட்டில் மாட்டி, டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவாருங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடியும் இந்த வேலை, விலை உயர்ந்த டாங்கிளால் முடியாததைச் செய்துவிடும். முன்பக்கப் போர்ட்டைத் தவிர்ப்பது நல்லது. அங்கிருந்து மதர்போர்டுக்குப் போகும் உள்வயர் மெல்லியதாக, சில சமயம் தளர்ந்தும் இருக்கும். கரண்ட் குறைந்து டாங்கிள் விட்டுவிட்டு இணையும். இன்னொன்று: யூஎஸ்பி 3.0 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் ஓடும்போது அதிலிருந்து கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைப் பாதிக்கும். படம் காப்பி செய்யும்போது மட்டும் நெட் இழுக்கிறது என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

கணினியைத் திறக்கத் தயங்காதவர்கள் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, அதாவது மதர்போர்டிலேயே செருகும் வைஃபை கார்டு, போடலாம். அது யூஎஸ்பியை விட நிலையாக ஓடும். மதர்போர்டில் இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குட்டி ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கான நீண்ட எக்ஸ்பிரஸ் ஸ்லாட் காலியாக இருந்தால் அதிலும் இந்தக் கார்டு உட்காரும். பழைய வெள்ளை நிற பிசிஐ ஸ்லாட்டில் உட்காராது. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் வாங்கும், அலுவலகங்களிலிருந்து வந்த ஒல்லியான பெட்டிகளுக்குக் கார்டின் தகடு குட்டையாக இருக்க வேண்டும். லோ புரொஃபைல் பிராக்கெட் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். புளூடூத்தும் சேர்ந்த கார்டு என்றால், உடன் வரும் சிறு வயரை மதர்போர்டின் யூஎஸ்பி பின்களில் மாட்ட வேண்டும். அதை விட்டுவிட்டால் வைஃபை வேலை செய்யும், புளூடூத் கண்ணில் படாது. இன்டெலின் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 கார்டுகளுக்கு, விண்டோஸில் ஓட்டுவதானால், குறைந்தது 64 பிட் விண்டோஸ் 10 இருந்தே ஆக வேண்டும். விண்டோஸ் 7க்கு இன்டெல் டிரைவர் (கருவியை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) தரவில்லை.

இரண்டும் சரிவராத மிகப் பழைய கணினிகளுக்கு இன்னொரு வழி உண்டு. அதிகம் பேசப்படாத, ஆனால் எங்களுக்கு மிகவும் பிடித்த வழி. லேன் போர்ட் உள்ள வைஃபை ரிப்பீட்டர் (வீட்டு வைஃபையை வாங்கி மறுபடி பரப்பும் கருவி) ஒன்றை வாங்கி, போனிலிருந்தே வீட்டு வைஃபையுடன் அதை இணைத்துவிட்டு, ரிப்பீட்டரின் லேன் போர்ட்டிலிருந்து கணினிக்குச் சின்னக் கேபிள் போடுங்கள். கணினியைப் பொறுத்தவரை அது லேன் இணைப்புதான். வைஃபை டிரைவர் எதுவும் தேவையில்லை, எந்த விண்டோஸ் என்ற கேள்வியும் எழாது. ரிப்பீட்டரை மட்டும் சிக்னல் நன்றாக வரும் இடத்தில் வையுங்கள். பரணில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரில் கிளையன்ட் மோட் (இன்னொரு வைஃபையில் தானே இணையும் வசதி) இருந்தால் அதுவே இந்த வேலையைச் செய்யும்.

டிரைவர் இல்லாமல் நிற்கும் டாங்கிள்

நெட் வர டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க நெட் வேண்டும். பெட்டியில் வரும் குட்டி சிடியைப் போட டிரைவ் இருக்காது, அல்லது ஓடாது. இதற்கு ஆண்ட்ராய்டு போன் கைகொடுக்கும். போனை வீட்டு வைஃபையில் இணைத்து, மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, யூஎஸ்பி கேபிளால் கணினியில் மாட்டுங்கள். செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் என்ற இடத்தில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், போனுக்கு வரும் வைஃபை அப்படியே கணினிக்குப் போகும். விண்டோஸ் 7 முதல் இது பொதுவாகத் தனி டிரைவர் கேட்பதில்லை. சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் இது நடக்காது, டேட்டா கேபிள் வேண்டும். ஐபோன் தனக்கு வரும் வைஃபையை இப்படிப் பகிராது. அதன் ஹாட்ஸ்பாட் சிம்மின் டேட்டாவையே கொடுக்கும்.

சில டாங்கிள்களைச் செருகியதும் மை கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு சிடி டிரைவ் முளைக்கும். அது பழுதில்லை. டிரைவர் அதற்குள்ளேயே இருக்கிறது. திறந்து செட்டப்பை ஓட்டினால், முடிந்ததும் டாங்கிள் சிடி வேடத்தைக் கலைத்துவிட்டு வைஃபையாக மாறும்.

தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கும்போது மாடல் எண்ணோடு வெர்ஷனையும் பாருங்கள். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற ஒரே பெயரில் முதல் வெர்ஷனில் அதெராஸ் சிப்பும் இரண்டாவதில் ரியல்டெக் சிப்பும் இருந்தன. ஒன்றின் டிரைவர் மற்றதற்கு உதவாது. வெர்ஷன் எண் டாங்கிளின் லேபிளிலேயே அச்சாகியிருக்கும். தேடலில் முதலில் வந்து நிற்கும் ‘டிரைவர் அப்டேட்டர்’ மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். விளம்பரக் குப்பையும் சில நேரம் வைரஸும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன.

கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அதை டபுள் கிளிக் செய்து பிழைக் குறியீட்டு எண்ணைப் படியுங்கள். 28 என்றால் டிரைவர் ஏறவே இல்லை. 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸ் ஏற்கவில்லை. விண்டோஸ் 7 கணினிகளில் அடிக்கடி வருவது இதுதான்: புது டிரைவர்கள் எஸ்ஹெச்ஏ-2 என்ற புதிய முறையில் கையொப்பமிடப்பட்டவை, பழைய விண்டோஸ் 7க்கு அது தெரியாது. மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்ட கேபி4474419 அப்டேட்டை ஏற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டிரைவர் ஏறியும் வீட்டு வைஃபையின் பெயர் மட்டும் பட்டியலில் தெரியவில்லையா? ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் ஒளிபரப்பினால் 2.4 டாங்கிளுக்கு அது கண்ணுக்கே தெரியாது. ரவுட்டரில் 2.4ஐயும் இயக்கி, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள், குழப்பம் தீரும். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் (அலைவரிசைக்குள் உள்ள பிரிவுகள்) வரை உண்டு. அமெரிக்கச் சந்தைக்கான டாங்கிள்கள் 12, 13ஐப் பார்ப்பதில்லை. ரவுட்டரில் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக மாற்றுங்கள்.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு சரி, ஆனாலும் இணையவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 என்ற புதிய முறை மட்டும் என்று இருந்தால் பழைய கருவிகள் உள்ளே வர முடியாது. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வையுங்கள். ஏஇஎஸுக்குப் பதில் பழைய டிகேஐபி குறியாக்கம் வைத்தால் இணையும், ஆனால் வேகம் 54 எம்பிபிஎஸுக்கு மேல் ஏறாது. இன்னும் பழைய டபிள்யூஇபி முறைக்கு இறங்கிப் போகவே கூடாது. அதை 2001லேயே உடைத்துவிட்டார்கள். அதற்கு மேல் தெரியாத பழங்கருவி என்றால் ஒதுக்கிவிட்டு வேறு வாங்குங்கள்.

வைஃபை இணைந்தும் பக்கம் திறக்கவில்லை என்றால்

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தேதி 2009 என்றோ 2012 என்றோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் குறிப்பிட்ட தேதிகளுக்குள்தான் செல்லும். கணினியின் தேதி பின்னால் கிடந்தால் பிரவுசர் எல்லாத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று மறுக்கும். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் செல் தீர்ந்ததால்தான் கரண்ட் போகும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போகிறது. கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளஸ் பக்கம் மேலே இருக்கும்படி புது செல்லைப் போடுங்கள்.

தேதி சரியாக இருந்தால் பழைய செட்டிங்குகளைத் துருவுங்கள். முந்தைய பிராட்பேண்டுக்காக யாரோ கையால் கொடுத்த ஐபி முகவரி, டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்) எல்லாம் அப்படியே இருக்கும். இரண்டையும் தானாகப் பெறும்படி மாற்றுங்கள். அலுவலகத்திலிருந்து வந்த கணினி என்றால் இன்டர்நெட் ஆப்ஷன்ஸில் பிராக்ஸி (அலுவலகத்தின் இடைச் சர்வர் வழியாக நெட்டுக்குப் போகும் அமைப்பு) டிக் செய்யப்பட்டிருக்கலாம், அதை எடுங்கள். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரியே கொடுக்கவில்லை என்று அர்த்தம்; பெரும்பாலும் அது சிக்னல் அல்லது டிரைவர் கோளாறு.

கொஞ்ச நேரம் ஓடி அடிக்கடி அறுந்தால், டிவைஸ் மேனேஜரில் டாங்கிளின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சேமிப்புக்காக இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

இத்தனையும் செய்து நெட் வந்துவிட்ட பிறகு, எந்த விண்டோஸோடு நெட்டுக்குள் போகிறோம் என்பதைக் கவனிக்கச் சொல்லாமல் விட முடியாது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இலும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 7இல் ஏறும் கடைசி குரோம் 109தான். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீர்கள், போனிலேயே செய்துகொள்ளுங்கள். 64 பிட் பிராசஸரும் 4 ஜிபி ரேமும் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு நன்றாகவே ஓடும். பென் டிரைவிலிருந்து ஓட்டி, டாங்கிள் அதில் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபைல்களை வெளியே காப்பி எடுத்த பிறகு ஏற்றுங்கள். பழைய கணக்கு மென்பொருளுக்காக விண்டோஸ் 7ஐ விட முடியாது என்பவர்கள், ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தினருக்கான தனி வைஃபை) ஒன்றைத் திறந்து அந்தக் கணினியை அதில் மட்டும் இணையுங்கள். வைரஸ் புகுந்தாலும் வீட்டின் மற்ற கருவிகளை அது எளிதில் எட்டாது. வைஃபை பிரிண்டரும் அப்போது அந்தக் கணினிக்குத் தெரியாமல் போகும். அதை மட்டும் யூஎஸ்பி கேபிளில் இணைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.