ரத்தம் வராத ஈறு

சிகரெட் பிடிப்பவர்களின் வாயைப் பார்க்கும்போது எனக்கு முதல் கவலை, ஈறில் ரத்தம் வராததுதான். பல்லைச் சுற்றிக் காரை, அதாவது இறுகிப்போன அழுக்குப் படிவு, தடித்திருக்கும். அளவுக்கம்பியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டால் ஆறு, ஏழு மில்லிமீட்டர் இறங்கும். நல்ல ஈறில் அது மூன்றைத் தாண்டாது. இவ்வளவு புண்பட்ட ஈறு தொட்டாலே கசிய வேண்டும், கசியாது. நிக்கோட்டின் அங்குள்ள நுண்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கிறது. "பல் தேய்க்கும்போது ரத்தமே வராது டாக்டர், ஈறு நல்ல ஸ்ட்ராங்" என்று சொன்னவர்களே, பல் ஆடத் தொடங்கிய பிறகு கையால் அதைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள்.

புகையை நிறுத்திய சில வாரங்களில் இதே ஈறில் ரத்தம் வரலாம். ரத்த ஓட்டம் திரும்புகிறது என்று அர்த்தம். 'விட்டதால்தான் இப்படி ஆகிறது' என்று பயந்து மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. காரையைச் சுத்தம் செய்துகொண்டால் ரத்தக்கசிவு அடங்கிவிடும்.

கன்னத்தின் உட்புற மெல்லிய தோல் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அடியில் செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும். பிரியும்போதெல்லாம் டிஎன்ஏவைப் படியெடுக்க வேண்டும். புகையிலுள்ள பென்சோபைரீன் போன்ற நச்சுகள் அந்த டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்கின்றன. செல் பழுதுபார்க்கும், ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் என்றால் எத்தனை முறைதான் பார்க்கும்? கல்லூரி நாட்களில், புகைப்பவர் ஒருவரின் கன்னத்திலிருந்து வழித்தெடுத்த செல்களை நுண்ணோக்கியில் காட்டினார்கள். செல்லின் கருவுக்குப் பக்கத்தில், அதிலிருந்து சிதறிய துணுக்காக ஒரு குட்டிக் கரு. பிரியும்போது குரோமோசோம் உடைந்ததற்கான தடயம் அது. இன்னும் மறக்கவில்லை. செல் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி53 போன்ற மரபணுவில் பழுது விழுந்தால், அது புற்றுநோய்க்கு வழிவிடும்.

போன மாதம் ஒரு கல்லூரி மாணவர் வந்தார். வாய் வறட்சி, ஈறோரத்தில் வரிசையாகச் சொத்தை. "சிகரெட்டை விட்டுட்டேன் டாக்டர். இப்ப வேப் மட்டும்தான், அது வெறும் தண்ணி ஆவி" என்றார். வேப் என்பது மின்சிகரெட். அதில் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கால் என்ற திரவம், கிளிசரின், வாசனைப் பொருட்கள், பெரும்பாலும் நிக்கோட்டின். கம்பிச்சுருள் சூடேறும்போது இவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் என்ற நச்சுகள் உருவாகின்றன. புரொப்பிலீன் கிளைக்கால் ஈரத்தை உறிஞ்சும். வாயைக் காக்கும் எச்சில் குறைகிறது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகமும் 2024இல் வெளியிட்ட ஆய்வில் 3,500க்கும் மேற்பட்ட மாதிரிகளைப் பார்த்தார்கள். வேப் பிடிப்பவர்களின் கன்னச் செல்களில், புகைப்பவர்களுக்கு ஏற்படுவதைப் போன்ற டிஎன்ஏ குறி மாற்றங்கள், அதாவது மரபணுக்களின் செயல்பாட்டைக் கட்டுப்படுத்தும் வேதிக் குறிகளில் மாற்றங்கள், தெரிந்தன. வேப் புற்றுநோய் தரும் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆய்வாளர்களே அப்படிச் சொல்லவில்லை. சிகரெட்டில் உள்ள பல நச்சுகள் வேப்பில் குறைவு என்பதும் உண்மை. ஆனாலும் 'வெறும் ஆவி' இப்படி வேலை செய்யாது. 2019 முதல் நம் நாட்டில் அதன் விற்பனைக்கே தடை. அந்த மாணவரின் பைக்குள் அது எப்படி வந்தது என்பதுதான் என் ஆதங்கம்.

கண்ணாடி முன் நின்று நாக்கைத் தூக்கிப் பாருங்கள்; கன்னத்தை இழுத்துப் பாருங்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைப் படலம், சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், இதில் எது தெரிந்தாலும் வலிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்தில் இவை பெரும்பாலும் வலிப்பதில்லை. பல் பிடுங்க வரும்போது புகைப்பழக்கத்தை மறைக்காதீர்கள், புண் ஆறுவது அதைப் பொறுத்தது. நிறுத்த உதவி வேண்டுமென்றால் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது. அந்த மாணவருக்கும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.