டிவோராக் முறை: மேகத்தில் காற்றைப் படிப்பது

தமிழ்நாட்டின் கடைசிக் கடலோர ஊரான நீரோடியில், கடல்தொழில் செய்யும் பெரியவர் ஒருவர் என் போனை வாங்கி இன்சாட் செயற்கைக்கோள் படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "மக்களே, இதுல மேகந்தானே தெரியுது, காத்து எங்க இருக்கு?"

சரியான கேள்வி. 36,000 கி.மீ. உயரத்திலிருந்து எடுக்கும் படத்தில் காற்று தெரியாது. நம் பக்கத்துக் கடல்களில் புயலுக்குள் விமானம் அனுப்பி அளக்கும் வழக்கமும் இல்லை. ஆகவே புயல் அறிக்கையில் வரும் வேகம் பெரும்பாலும் மேகத்தின் வடிவத்தை வைத்துக் கணித்ததுதான். அதற்கான வழி டிவோராக் முறை.

வெர்னன் டிவோராக் என்ற அமெரிக்க வானிலையாளர் 1970களில் இதை வகுத்தார். டிவோராக் என்பது செக் மொழிக் குடும்பப் பெயர். அரண்மனை, பண்ணை மாளிகை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. காற்றுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பெயரைக் கேட்டு வேலை புரியாது என்பதால்தான் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்கிறேன்.

வேலை இதுதான். புயல் வலுக்க வலுக்க மேகப்பட்டை மையத்தைச் சுற்றிச் சுருளும். எத்தனை சுற்று வந்திருக்கிறது என்று பார்த்து, முந்தைய நாள் நிலையோடு ஒப்பிட்டு, 1 முதல் 8 வரை அரை அரையாக ஏறும் 'டி எண்' ஒன்றைக் கொடுப்பார்கள். சுமார் அரைச் சுற்று என்றால் டி 2.5, காற்று மணிக்கு 65 கி.மீ. வாக்கில் இருக்கும். நம் வானிலைத் துறை புயல் என்று அறிவிக்கும் படி அது. டி 4 என்றால் சுமார் 120 கி.மீ. புயலின் நடுவே 'கண்' எனப்படும் தெளிந்த மையம் திறந்துவிட்டால் கணக்கு வேறு: கண் வெதுவெதுப்பாகவும் சுற்றியுள்ள மேகம் கடுங்குளிராகவும் இருக்க இருக்க எண் கூடும்.

2017 நவம்பர் 30 அன்று எங்கள் கரையோரம் புயலான ஒகியின் பெயருக்கும் கண் என்றே பொருள். வங்கதேசம் தந்த பெயர்; மீனாட்சியில் வரும் அதே 'அட்சி'. அந்தப் புயலில் பல மீனவர்களைப் பறிகொடுத்த தூத்தூர் வட்டாரத்தில் ஒகி என்ற பெயரை இன்றும் யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அளவீடு' தவறு, யாரும் கருவி வைத்து அளக்கவில்லை. ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு வல்லுநர்கள் அரை எண் வேறுபடலாம், டி 2.5க்கும் டி 3க்கும் நடுவே கிட்டத்தட்ட 18 கி.மீ. இருக்கிறது. அதற்காகக் 'குத்துமதிப்பு' என்றும் சொல்லக்கூடாது, படிப்படியான விதிகள் உண்டு. 'மதிப்பீடு'தான் பொருந்தும். முறையை 'முகிலுரு மதிப்பீடு' என்றும், டி எண்ணை 'புயல் வலு எண்' என்றும் சொல்லலாம். "65 கி.மீ. வேகம் பதிவானது" என்று செய்தியில் எழுதுகிறவர்கள் "மதிப்பிடப்பட்டது" என்று மாற்றினால் போதும், கடலுக்குப் போகிறவருக்கு அந்த வேறுபாடு பெரிது.

அன்று பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "சுருளைப் பாருங்க" என்றேன். உப்பேறிய விரலால் திரையில் மேகத்தை மெல்லச் சுற்றி வந்து நிறுத்தினார். "பாதிக்கு மேல வருதே, மக்களே."